சரிவில் ஒரு தோட்டம்

குன்னூர் வீட்டின் பின்பக்கச் சரிவில் ஒரு வழியாகத் தோட்ட வேலை ஆரம்பித்துவிட்டது. மேல் படியில் குளம், சுற்றிலும் புல்தரை என்று தாளில் வரைந்து வைத்திருந்தேன். கல் கட்ட வந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "மழைத் தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு சொல்லு தம்பி, பூவெல்லாம் அப்புறம்" என்றார். சரிதான். போன ஐப்பசி மழையில் பழைய சிமென்ட் சுவர் வயிறு தள்ளிச் சாய்ந்ததே, பின்னால் தேங்கிய தண்ணீருக்கு வடிய வழி இல்லாததால்தான்.

இப்போது சிமென்ட் இல்லாமல் கல் அடுக்குகிறார். ஒவ்வொரு வரிசையும் மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. பின்னால் சில்லுக்கல் நிரப்புகிறார். இடுக்கில் பெரணி தானாக வந்துவிடுமாம்.

தண்ணீர் போகும் வழியைப் பார்த்ததும், மேல் படியில் வரைந்திருந்த குளம் கீழ்ப் படிக்கு இறங்கிவிட்டது. 1874-ல் தொடங்கிய நம் சிம்ஸ் பூங்காவிலும் குளம் தாழ்வான பகுதியில்தானே இருக்கிறது!

அம்மாவின் ஹைட்ரேஞ்சியாவில் மட்டும் கை வைக்கவில்லை. ஒரே செடியில் வெட்டி நட்ட கிளைகள். வேலியோரம் நல்ல நீலம். சிமென்ட் படிக்கட்டை ஒட்டியது இளஞ்சிவப்பு. நம் மலை மண்ணின் புளிப்புத்தன்மை நீலம் தருகிறது, சிமென்டின் சுண்ணாம்பு அதை மாற்றிவிடுகிறது. இரண்டும் அருகருகே பூத்திருப்பதைப் பார்க்க அவ்வளவு அழகு.

கல் பெஞ்சுக்குத்தான் இன்னும் இடம் முடிவாகவில்லை. அம்மாவுக்குக் காலை வெயில் படும் இடம் வேண்டும், எனக்குக் குளத்தோரம். அநேகமாக வெயில் பக்கம்தான்.