மஞ்சள் நாற்காலி

பழைய மரச்சாமான் எதுவும் பழுதுபார்க்கப் பட்டறைக்கு வரும்போது கூடவே ஒரு கதையும் வந்துவிடும். "தாத்தா ரங்கூன்ல இருந்து கப்பல்ல கொண்டு வந்தது, அசல் பர்மா தேக்கு." நாகர்கோவிலில் என் பட்டறைக்கு வந்த மேசை, அலமாரிகளில் பாதிக்கு மேல் இப்படிக் கப்பலேறி வந்தவைதான். 1840களிலேயே தேக்குத் தோட்டம் போட்ட நிலம்பூர் பக்கத்துக் கேரளாவில்தான் இருக்கிறது. அங்கிருந்து லாரியில் வந்தது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

கதையைக் கேட்டுக்கொண்டே சாமானைக் கவிழ்த்துப் போட்டுவிடுவேன். பாலிஷ்காரன் கை படாத இடம் வேண்டும்: இழுப்பறையின் பின்பலகை, நாற்காலிக் காலின் அடி. அங்கே பிளேடால் குறுக்குவாட்டில் மெல்லிசாகச் சீவி, ஈரம் தடவி, லென்ஸில் பார்ப்பேன். தேக்கு என்றால் ஒவ்வொரு ஆண்டு வளையமும் தொடங்குகிற இடத்தில் பெரிய துளைகள் ஊசியால் குத்தியதுபோல வரிசை கட்டி நிற்கும். விரலில் மெழுகுப் பிசுக்கு, மூக்கில் பழைய தோல் வாசம். அந்தப் பிசுக்கைத் தின்னரால் துடைக்காமல் பசை போட்டால் ஒட்டு விட்டுவிடும்.

வேங்கை மரத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். சர்க்கரைக்கு என்று வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிக்கிறார்களே, அதே சமாச்சாரம். நாலு சீவலைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு வெயிலில் பிடித்தால் நீலம் ஓடும்.

ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட், அதுதான் ஏமாற்றும். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தால் ஊதாச் சாயம் ஏறும், அதை வைத்து ஈட்டி என்பார்கள். ஆனால் ஏதோ ஒரு மரத்துக்கு 'ரோஸ்வுட் கலர்' அடித்திருந்தாலும் பஞ்சில் சாயம் வரத்தான் செய்யும். அதனால்தான் கவிழ்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகு செய்த தப்புதான் இது. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் ஆறு நாற்காலிகள் கொடுத்துவிட்டார். எல்லாம் நல்ல செம்பழுப்பு. அன்றைக்கு வேலை நெருக்கடி. எவனோ மட்டமான மரத்துக்குக் கலர் அடித்திருக்கிறான் என்று நானே முடிவு கட்டி, முதல் நாற்காலியில் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் தெரிந்தது. 'கலர் போகிறது' என்று சந்தோஷமாக முழுசையும் தேய்த்தேன். தரையெல்லாம் மஞ்சள் தூள் விழுந்த பிறகுதான் உறைத்தது, இது பலா. அந்தச் செம்பழுப்பு யாரும் அடித்த கலர் இல்லை. பலா புதிதில் மஞ்சளாக இருந்து, காற்றும் வெளிச்சமும் பட்டுப் பல வருஷத்தில் தானாக ஏறுகிற நிறம் அது. பத்மநாபபுரம் அரண்மனையின் பலாமரத் தூண்களை எத்தனை தடவை தொட்டுப் பார்த்திருப்பேன்!

டீச்சரை வரச்சொல்லிக் காட்டினேன். அஞ்சு பழுப்பு, ஒன்று மஞ்சள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க விளையில நின்ன பிலாமரமாக்கும் மக்களே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

எல்லாருடைய கதையையும் கேட்டவன் அவரிடம் மட்டும் கேட்கவில்லை. சாமான் ஆட்டோவில் வந்து இறங்கியது, அவர் கூட வரவில்லை, அவ்வளவுதான்.

சாயம் ஏற்றி மற்றதோடு சேர்த்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம், தானாக மாறட்டும் என்றார். கூலியையும் முழுசாகத் தந்தார், வாங்கிக்கொள்ளத்தான் கூச்சமாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கதவு வேலையாக அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் அந்த நாற்காலி. கையும் முதுகும் நன்றாகவே கறுத்திருந்தன. உட்காரப்போனவன் இருக்கையில் கிடந்த குஷனை எடுத்தேன். அடியில் சதுரமாக, அன்றைக்குத் தேய்த்த அதே மஞ்சள்.