லயத்துச் சுவரின் ஈரத்தைக் கல்லில் ஏற்ற

பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்த மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டங்களில் ஆளில்லாத லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, கல்லச்சில் (லித்தோகிராஃப்) கொண்டுவர முனைபவர்கள், விரிசலையும் பூஞ்சையையும் ஒவ்வொன்றாக வரைகிறார்கள். வரைந்த பூஞ்சை கோலம் போலத்தான் தெரியும். கட்டடத்தை வரையுங்கள். சிதைவு கல்லின் மேல் தானாக நடக்கட்டும்.

1790களின் கடைசியில் பவேரியாவில் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை இது. கொழுப்பும் தண்ணீரும் ஒட்டாது. சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல் இரண்டையும் ஏற்கும். சுண்ணாம்பு அடித்த லயத்துச் சுவருக்கு இதைவிட நெருக்கமான ஊடகம் இல்லை என்பேன். (ரவி வர்மாவின் லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோனதும் 1894இல் பம்பாயில் தொடங்கிய கல்லச்சகம்தான்.)

கல்லை 80, 120, 220 எண் கார்போரண்டம் என்னும் தேய்ப்புத் தூளால் (எண் கூடக்கூட மணி நுண்மையாகும்) வரிசையாகத் தேயுங்கள். எண் மாறும்போதெல்லாம் நன்றாகக் கழுவ வேண்டும். ஒரு 80 எண் மணி தங்கினாலும் கீறிவிடும். அதன்பின் வெறுங்கை படக்கூடாது. நம் வியர்வையின் கொழுப்பே ரேகையாக அச்சில் விழும். கார்பன் தாளும் கொழுப்புதான், எனவே வரைந்த கோடுகளைக் காவித்தூள் தடவிய தாளால் கல்லுக்கு மாற்றுங்கள். கதவு எண்களை இடவலம் திருப்பி எழுத மறவாதீர்கள்.

வரிசையாகப் பின்வாங்கும் கதவுகள், பலகை இடுக்குகள் எல்லாம் கடினமான 4, 5 எண் மெழுகுக்கோலால் (கல்லச்சுக்கான கொழுப்புக் கோல்) வரட்டும். மென்மையானவை நம் வெக்கையில் இளகும். கூரை போன அறைக்குள் விழும் வெளிச்சத்துக்குக் கல்லை வெறுமையாக விடுங்கள்.

கறைக்கு டூஷ் மை, அதாவது கல்லச்சுக்கான கொழுப்பு மை. வாலைவடிநீரில் கரைத்துக் குட்டையாக ஊற்றி விடுங்கள். மெல்லக் காயும்போது கொழுப்புத் துகள்கள் ஒதுங்கி வலைப்பின்னலாகும். பிரெஞ்சு அச்சுக்காரர்கள் இதைத் தேரைத்தோல் என்பார்கள். சுவரில் மழைநீர் இறங்கிய தடம் அப்படியே வரும். விசிறி போட்டால் கெட்டது. நம் ஊர் ஈரக்காற்று இங்கே துணை.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. வெளிறிய கறை அச்சில் கறுத்து விழும், ஏனென்றால் கல் பிடிப்பது நிறத்தை அல்ல, கொழுப்பை. நினைத்ததைவிட அதிகம் நீர்க்கவைத்து, கல்லின் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்.

காய்ந்ததும் ரோசின் (பைன் மரப் பிசின்) தூள், பிறகு டால்க் மாவு தூவுங்கள். அடுத்து கல்லின் மேல் பூச, 30 மில்லி கருவேலம் பிசின் கரைசலில் நைட்ரிக் அமிலச் சொட்டுகள்: வெளிறிய கறைக்கு 2, 3, மெழுகுக்கோலுக்கு 6 முதல் 8, வாசற்கருமைக்கு 12க்கு மேல். குறைந்தால் இடைவெளிகள் அடைபட்டுக் கதவுகள் ஒரே இருட்டாகும். கூடினால் வலைப்பின்னல் எரிந்துபோகும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். பிசின் நம் வெயிலில் சீக்கிரம் புளித்துத் தானே அமிலமாகிச் சொட்டுக் கணக்கைக் குலைக்கும், ஆகவே கொஞ்சமாகக் கரைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

அச்சடிக்கும்போது கல் எப்போதும் ஈரமாக இருக்கட்டும். காய்ந்த இடத்தில் மை ஒட்டிக்கொள்ளும். முதல் சில தாள்கள் வெளிறித்தான் வரும், அவற்றைப் பார்த்து மையைக் கூட்டிவிடாதீர்கள்.

தகரக் கூரையின் ஆணி ஓட்டை வெளிச்சத்தை ஊசிமுனையால் சுரண்டி எடுக்கலாம். சுரண்டிய இடம் புதுக்கல். உடனே பிசின் வைக்காவிட்டால் அந்தப் புள்ளிகளும் கறுத்துவிடும்.