அப்பாவின் குரலும் ஒரு போலி மெமரி கார்டும்

தானே புயலைப் பற்றி அப்பா பேசுவதைப் போன வருடம் பதிவு செய்யத் தொடங்கினேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அது கடலூர்ப் பக்கம் கரையேறியபோது, பண்ருட்டி அருகே இருந்த எங்கள் பலாத் தோப்பு மொத்தமும் சாய்ந்துவிட்டது. மின்விசிறியை அணைத்து, டேப்லெட்டை மேசையில் சாய்த்து வைத்தால் போதும், அப்பா தானாகவே பேச ஆரம்பித்துவிடுவார்.

சிக்கல் இடம்தான். டேப்பின் 32 ஜிபியில் சிஸ்டமும் ஆப்களும் போக மிஞ்சியது 15 ஜிபி. ஃபுல் எச்டி வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி பிடிக்கும். இரண்டு மணி நேரப் பேச்சுக்குக்கூடத் தாங்காது. ஒரு கடையில் 512 ஜிபி மெமரி கார்டு பாதி விலைக்குக் கிடைத்தது. பில் கேட்கவில்லை, வாங்கிப் போட்டேன். கேமராவின் சேமிப்பிடத்தையும் கார்டுக்கு மாற்றினேன்.

முதல் நாலு பதிவுகளும் நன்றாக ஓடின. ஐந்தாவதைத் தொட்டால் கறுப்புத் திரை. பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, 3.2 ஜிபி என்று அளவுகூடச் சரியாக இருக்கிறது, உள்ளே அப்பா இல்லை. அதற்குப் பிறகு எடுத்த மூன்றும் அதே கதிதான். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

முதல் வேலையாக, நன்றாக ஓடும் பதிவுகளைக் கணினிக்கு நகல் எடுத்தேன். சோதனைக்கு முன்னால் இதைச் செய்தே ஆக வேண்டும், போலிக் கார்டில் புதிதாக எழுதுவது பழையதன் மேலேயே விழக்கூடும். மீட்பு மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தேன். அழித்த கோப்பை அது தேடித் தரும், எழுதப்படவே இல்லாததை எங்கிருந்து தரும்? பிறகு கார்டைக் காலி செய்து எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். கார்டு நிரம்பும்வரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடுவதுதான் அதன் வேலை. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 இருக்கிறது. இரவு போட்டது மறுநாள் மதியம்தான் முடிந்தது. உண்மையில் இருந்தது 29 ஜிபி. அதாவது ஒரு 32 ஜிபி கார்டு, தன்னை 512 என்று சொல்லும்படி அதை இயக்கும் உள் சிப்பான கன்ட்ரோலரை மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து பில்லோடு, ஏ1 என்று (ஆப்களை ஓட்டும் வேகத்துக்கான குறி) அச்சிட்ட 128 ஜிபி கார்டு வாங்கினேன். விண்டோஸில் 119 என்று காட்டியதும் வயிறு கலங்கியது. ஆனால் அது சரியான அளவுதான். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. இந்தக் கார்டு இரண்டு மணி நேரத்தில் ஒரு பிழையும் இல்லாமல் தேறியது. கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்றான எக்ஸ்ஃபேட் வடிவத்திலேயே வந்ததால் அதை மாற்றவில்லை. ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அப்பா அரை மணி நேரம் பேசினாலே அதைத் தொட்டுவிடும்.

டேப்பில் செருகியதும் கார்டை உள்நினைவகமாகச் சேர்க்கவா, தனிச் சேமிப்பாக வைக்கவா என்று கேட்டது. ஆண்ட்ராய்டு 6இல் வந்த வசதி இது, எல்லா டேப்பிலும் இருக்காது. உள்நினைவகம் என்று கொடுத்தால் கார்டு பூட்டப்பட்டு, சாவி டேப்புக்குள் இருந்துவிடும். டேப் செத்தால் கார்டை வேறு எதிலும் படிக்க முடியாது. அதனால் தனிச் சேமிப்பையே தேர்ந்தெடுத்தேன். இப்போது ஒவ்வொரு பதிவும் அன்றைக்கே கணினிக்கும், தங்கை வீட்டு ஹார்டு டிஸ்க்குக்கும் போய்விடுகிறது.

சரி, போனது போனதுதான். “அப்பா, தோப்பு விழுந்ததை இன்னொரு தடவை சொல்லுங்கப்பா” என்றேன். “அன்னைக்கே சொன்னேனேப்பா” என்றார், ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முப்பத்தெட்டு மரம் விழுந்தது என்று அவர் சொல்லும் இடத்தில், சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் பதிவாகியிருக்கிறது: “நாப்பத்தொண்ணுங்க. கிணத்தடி மூணை விட்டுட்டீங்க.”