உறுமும், ஆனால் சுற்றாது: பழைய டிரில்லிங் மெஷினை எழுப்பிய குறிப்புகள்

எடுத்துக்கொண்டது மேசையில் வைக்கும் டிரில்லிங் மெஷின் ஒன்று. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், 0.5 எச்.பி., 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1440 ஆர்.பி.எம்., பெயர்த்தகட்டில் 3.8 ஆம்ப். சில ஆண்டுகள் ஓடாமல் கிடந்தது. ஸ்விட்ச் போட்டால் "ம்ம்ம்" என்று உறுமும், சுற்றாது, இரண்டு மூன்று விநாடியில் எம்.சி.பி. (கரன்ட் மிகுந்தால் தானாக வெட்டும் ஸ்விட்ச்) விழும். இந்த அறிகுறியைக் கண்டதும் "காயில் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். உறுமுகிற மோட்டாரில் மெயின் காயிலுக்குக் கரன்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பழுது பெரும்பாலும் ஸ்டார்ட்டிங் பக்கம்தான் (மோட்டாரைக் கிளப்பிவிடும் காயில், கன்டென்சர்) இருக்கும். அதனால் மோட்டாரைக் காயில் கட்டக் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் அளந்து பார்ப்பது என்று தொடங்கியது இந்த வேலை.

முதல் கட்டம்: மின்சாரம் இல்லாமல்

பிளக்கைப் பிடுங்கிய பிறகு முதல் வேலை கன்டென்சரை (மின்தேக்கியை) டிஸ்சார்ஜ் செய்வது, அதாவது அதில் தேங்கியிருக்கும் மின்சாரத்தை வடிப்பது. திருப்புளியால் இரண்டு முனைகளையும் ஷார்ட் செய்யும் பழக்கம் பரவலாக உண்டு; பொறி பறக்கும், முனை உருகும், சில நேரம் கன்டென்சரின் உள் இணைப்பே அறுந்துவிடும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 10 விநாடி பிடித்தால் போதும். 100 மைக்ரோஃபாரட் கன்டென்சருக்கு இந்த ரெசிஸ்டருடன் டைம் கான்ஸ்டன்ட் 1 விநாடி. 5 விநாடியில் அநேகமாகக் காலி. பிறகு மீட்டரின் டி.சி. வோல்ட்டில் வைத்துப் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும்.

கன்டென்சர் மேல் அச்சிட்டிருந்தது 80–100 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏ.சி. மீட்டர் காட்டியது 11. பாதி விடை இங்கேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் அத்தோடு நிறுத்தவில்லை. கன்டென்சர் தானாகவும் சாகும், வேறொன்று கொன்றும் சாகும்.

மோட்டாரிலிருந்து நான்கு ஒயர்கள் வந்தன. ஜோடி பிரித்து ஓம் பார்த்ததில் ஒரு ஜோடி 5.8, இன்னொன்று 14.1. குறைவாகக் காட்டுவது மெயின் காயில் (தடித்த கம்பி), அதிகமாகக் காட்டுவது ஸ்டார்ட்டிங் காயில். மூன்றே ஒயர் வெளியே வரும் மோட்டாராக இருந்தால் மூன்று ஜோடிகளையும் அளக்க வேண்டும். எந்த ஜோடி அதிகபட்ச ஓம் காட்டுகிறதோ, அதில் சேராத மூன்றாவது ஒயர்தான் காமன். காமனிலிருந்து குறைவாகக் காட்டுவது மெயின், அதிகமாகக் காட்டுவது ஸ்டார்ட்டிங். இரு பக்கமும் சுற்றும் வகை மோட்டார்களில் இரண்டு காயிலும் ஒரே ஓம் காட்டும். அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

அடுத்து இன்சுலேஷன். சாதாரண மல்டிமீட்டரில் காயிலுக்கும் பாடிக்கும் இடையே பார்த்து "ஓப்பன்" என்று காட்டியதும் திருப்தியடையக் கூடாது. மீட்டர் தருவது சில வோல்ட் மட்டுமே. 500 வோல்ட் மெக்கர் (உயர் வோல்ட்டில் இன்சுலேஷனை அளக்கும் கருவி) வேண்டும். கன்டென்சரைக் கழற்றிவிட்டு, காயில் ஒயர்கள் எல்லாவற்றையும் ஒன்றாக முறுக்கி, அதற்கும் பாடிக்கும் இடையே அளந்ததில் 0.7 மெகா ஓம். குறைந்தது 1 மெகா ஓமாவது இருக்க வேண்டும்; நல்ல மோட்டாரில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். 230 வோல்ட்டில் இந்த 0.7 மெகா ஓம் வழியாகக் கசிவது 0.33 மில்லியாம்ப் மட்டுமே, 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் வெட்டும் ஸ்விட்ச்) அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. ஆர்.சி.சி.பி. விழவில்லை என்பதால் காயில் நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இன்சுலேஷன் குறைந்ததற்குக் காரணம் ஈரம்தான். மோட்டாரின் இரு மூடிகளையும் கழற்றி, உள்ளே 60 வாட் இழை பல்பை எரியவிட்டு, மேலே அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, மேல் மூலையில் ஒரு துளை போட்டு 10 மணி நேரம் விட்டதில் 40 மெகா ஓமுக்கு ஏறியது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, சூடு போதாது. பல்பு காயில் மேலோ அட்டை மேலோ படக் கூடாது, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஹாட் ஏர் கன்னை ஒரே இடத்தில் காட்டினால் வார்னிஷ் கருகிவிடும்.

இரண்டாம் கட்டம்: கன்டென்சரைக் கொன்றது யார்?

மூடி கழன்றிருக்கும்போதே சென்ட்ரிபியூகல் ஸ்விட்சைப் பார்த்தாயிற்று. மோட்டார் நிற்கும்போது இது மூடியிருக்க வேண்டும்; முழு வேகத்தில் சுமார் முக்கால் பங்கை எட்டியதும் திறந்து ஸ்டார்ட்டிங் காயிலையும் கன்டென்சரையும் வெட்டிவிட வேண்டும். இந்த மோட்டாரில் அது 1100 ஆர்.பி.எம். வாக்கில். ஸ்டார்ட்டிங் கன்டென்சர் எலெக்ட்ரோலிடிக் வகை, சில விநாடி வேலைக்கே செய்யப்பட்டது. ஸ்விட்ச் திறக்காமல் ஒட்டிக்கொண்டால் அது சூடேறி வீங்கி, கடைசியில் வாயைத் திறந்துவிடும்.

இங்கே காண்டாக்ட் முனைகள் கருத்து, ஒன்றில் சிறு மேடு, எதிர்முனையில் குழி. ஒட்டிப் பிரிந்த அடையாளம். மெல்லிய காண்டாக்ட் ஃபைலால் மேட்டை மட்டும் இழைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தோம். உப்புத்தாள் போடுவதில் ஒரு கெடுதல் உண்டு: அதன் மணல் காண்டாக்டில் பதிந்து மறுபடி பொறி கிளப்பும். ஷாஃப்டில் இருக்கும் எடைத்துண்டுகளும் ஸ்பிரிங்கும் தடையில்லாமல் நகர்கின்றனவா என்று கையால் தள்ளிப் பார்த்தால், பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகி அவை பாதியில் நின்றன. ஒட்டியதற்குக் காரணமும் இதுதான். பிசினைக் கழுவிய பிறகு அங்கே கிரீஸ் எதுவும் போடவில்லை.

பேரிங் முதுகில் 6203: உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மி.மீ. கடகட சத்தம் இருந்ததால் இரண்டையும் மாற்றியாயிற்று. தூசு நிறைந்த பட்டறைக்கு இரும்பு மூடி போட்ட இசட்.இசட். வகையைவிட ரப்பர் மூடி போட்ட 2ஆர்.எஸ். வகை நல்லது. ஷாஃப்டில் ஏற்றும்போது அடி உள் வளையத்தில் மட்டும் விழ வேண்டும்; அந்த அளவுக் குழாய்த்துண்டு ஒன்றை வைத்துத் தட்டினால் போதும். வெளி வளையத்தில் தட்டினால் அந்த விசை குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் பள்ளம் விழுந்து, புது பேரிங்கே முதல் நாளிலிருந்து முனகும்.

ஷாஃப்டில் பேரிங் பக்கத்தில் இருக்கும் ஃபைபர் வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே போட வேண்டும். எந்தப் பக்கம் எத்தனை என்று கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாஷர் பக்கம் மாறினால் ரோட்டர் ஒரு மி.மீ. தள்ளி உட்காரும், சென்ட்ரிபியூகல் ஸ்விட்சுக்கு அழுத்தம் எட்டாது, மறுபடி அதே உறுமல். புது கன்டென்சர், புது பேரிங் எல்லாம் போட்டும் ஓடாத மோட்டார்களில் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

புது கன்டென்சர் வாங்கும்போது மைக்ரோஃபாரட் அளவு அச்சிட்ட வரம்புக்குள்ளேயே இருக்கட்டும். 150 போட்டால் இன்னும் வலுவாகக் கிளம்பும் என்று நினைத்தால் ஸ்டார்ட்டிங் காயிலில்தான் கரன்ட் ஏறும். வோல்ட் அளவில் "ஏ.சி." என்று இருக்க வேண்டும். ஆம்பிளிஃபயரிலிருந்து கழற்றிய டி.சி. எலெக்ட்ரோலிடிக்கை இங்கே போட்டால் வெடிக்கும்.

மூன்றாம் கட்டம்: முதல் ஓட்டம்

பெல்ட் இல்லாமல், மோட்டாரைப் பலகையில் போல்ட் போட்டுப் பிடித்து ஸ்விட்ச் போட்டதும் ஒரு விநாடிக்குள் வேகம் எடுத்தது. ஸ்விட்சை அணைத்து வேகம் குறையும்போது காதைத் தீட்டிக் கேட்க வேண்டும்: நிற்பதற்குச் சற்று முன் "டிக்" என்று ஒரு சத்தம் வரும். சென்ட்ரிபியூகல் ஸ்விட்ச் திரும்ப மூடும் சத்தம் அது. அது வராவிட்டால் ஸ்விட்ச் ஒட்டியோ திறந்தோ நிற்கிறது. அடுத்த முறை ஸ்விட்ச் போடாதீர்கள்.

கிளாம்ப் மீட்டரில் சுமையில்லாத கரன்ட் 2.9 ஆம்ப். (மீட்டரின் வாயில் ஃபேஸ் ஒயர் ஒன்று மட்டும், முழு கேபிளையும் போட்டால் போகிறதும் வருகிறதும் கழிந்து பூச்சியம் காட்டும்.) பெயர்த்தகடு 3.8 என்றிருக்கும்போது சும்மா ஓடவே 2.9 எடுக்கிறதே என்று பதற வேண்டியதில்லை. சின்ன சிங்கிள் ஃபேஸ் மோட்டார்களில் கரன்டின் பெரும்பகுதி காந்தப்புலத்தை உருவாக்கி வைத்திருக்கவே போகிறது. சுமை ஏறினாலும் ஆம்ப் கொஞ்சம்தான் ஏறும். மோட்டார் கஷ்டப்படுகிறதா என்று ஆம்ப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது, சூட்டையும் பார்க்க வேண்டும்.

எம்.சி.பி. பற்றி ஒரு வார்த்தை. முன்பு இருந்தது பி கர்வ் 6 ஆம்ப். பி வகை அதன் அளவைப் போல் 3 முதல் 5 மடங்கில், அதாவது 18–30 ஆம்பில் உடனே விழும். இந்த மோட்டார் கிளம்பும்போது 20 ஆம்புக்கு மேல் இழுக்கிறது. சி கர்வ் 6 ஆம்ப் (5 முதல் 10 மடங்கு) போட்டதும் காரணமில்லாமல் விழுவது நின்றது. 16 ஆம்புக்கு ஏற்றுவது தீர்வல்ல. மோட்டார் பூட்டிக்கொண்டு நின்றால் 16 ஆம்ப் எம்.சி.பி. விழ நேரம் எடுக்கும், அதற்குள் காயில் வெந்துவிடும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பலரும் கவனிக்காத எதிரி. 20 மீட்டர் நீளம், 0.75 சதுர மி.மீ. செம்புக் கேபிள் என்றால் போக வர 40 மீட்டர், ரெசிஸ்டன்ஸ் 0.93 ஓம். கிளம்பும்போது 20 ஆம்புக்கு 18 வோல்ட்டுக்கு மேல் கேபிளிலேயே போய்விடும். மோட்டாரின் முறுக்குவிசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 8 சதவீத வோல்ட் குறைவு சுமார் 16 சதவீத முறுக்குவிசையைத் தின்றுவிடும். மோட்டார் மெதுவாக ஏறும், சென்ட்ரிபியூகல் ஸ்விட்ச் தாமதமாகத் திறக்கும், கன்டென்சர் சூடேறும். 2.5 சதுர மி.மீ. கேபிளில் இதே நீளத்துக்கு 5.6 வோல்ட்தான் இழப்பு. சுருளிலிருந்து முழுவதையும் அவிழ்த்துவிட்டே ஓட்ட வேண்டும்.

நான்காம் கட்டம்: ஸ்விட்ச், எர்த்

பழைய டாகிள் ஸ்விட்சைத் தூக்கி எறிந்தாயிற்று. கரன்ட் போய்த் திரும்பி வரும்போது, கை சக்கில் (பிட்டைப் பிடிக்கும் தலையில்) இருக்கும் நேரத்தில் மெஷின் தானாகக் கிளம்பக் கூடாது. அதற்குக் கான்டாக்டர் (காந்தக் காயிலால் மூடும் ஸ்விட்ச்; கரன்ட் போனால் தானாகத் திறந்துவிடும்), பச்சை பட்டன், சிவப்பு பட்டன், ஓவர்லோட் ரிலே (அளவுக்கு மேல் கரன்ட் ஓடினால் வெட்டுவது).

கன்ட்ரோல் ஒயரிங் இப்படி: ஃபேஸ் முதலில் ஓவர்லோடின் 95–96 முனைகள், அடுத்து சிவப்பு பட்டன் (வழக்கமாக மூடியது), அடுத்து பச்சை பட்டன் (வழக்கமாகத் திறந்தது), அங்கிருந்து கான்டாக்டர் காயிலின் ஏ1, ஏ2 நியூட்ரலுக்கு. பச்சை பட்டனுக்கு இணையாகக் கான்டாக்டரின் 13–14 முனைகள். இந்த ஒரு இணைப்பு விட்டுப்போனால் பட்டனை அழுத்தியிருக்கும் வரைதான் ஓடும். காளான் தலை எமர்ஜென்சி பட்டன் வைத்தால் அது சிவப்புக்குத் தொடரில் வரும்.

சிங்கிள் ஃபேஸுக்கு மூன்று முனை ஓவர்லோடைப் பயன்படுத்தும்போது சிக்கும் இடம் இது: மூன்று முனைகளிலும் கரன்ட் ஓட வேண்டும். இரண்டில் மட்டும் ஓடினால், ஒரு ஃபேஸ் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு ரிலே தேவையில்லாமல் விழும். ஃபேஸ் முதல் முனை வழியாக மோட்டாருக்கு. நியூட்ரல் மூன்றாவது முனை வழியாக இறங்கி, அடியிலிருந்து ஒரு ஒயரில் திரும்ப இரண்டாவது முனையின் மேல்பக்கம் ஏறி, அதன் வழியாக மோட்டாருக்கு. டயல் 3.8 ஆம்பில்.

இழைக் கம்பியின் நுனியில் ஈயம் பற்றவைத்து ஸ்க்ரூவில் முறுக்குவது அழகாகத் தெரியும். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி, சில மாதத்தில் இணைப்பு தளர்ந்து சூடேறும். ஃபெரூல் (சின்னக் குழாய் முனை) போட்டு நசுக்கியே இணைக்க வேண்டும்.

எர்த் ஒயரை மோட்டாரில் மட்டும் கட்டிவிட்டு நின்றுவிடக் கூடாது. பிளக்கின் எர்த் பின்னுக்கும் டிரில் டேபிளுக்கும் இடையே பார்த்ததில் மீட்டர் அங்குமிங்கும் தாவியது; இடையே தடித்த பெயின்ட். லக் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மோட்டார் பலகைக்கும் கம்பத்துக்கும் தனி ஒயர் இழுத்ததும் 0.2 ஓம். மீட்டர் ஒயர்களை ஒன்றோடொன்று தொட்டால் வரும் மதிப்பைக் கழித்த பிறகான அளவு இது.

ஐந்தாம் கட்டம்: பெல்ட், வேகம், ஆட்டம்

புல்லி இரண்டிலும் 50, 75, 100, 125 மி.மீ. படிகள். கிடைக்கும் வேகம் 576, 1080, 1920, 3600. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டில் சாதா இரும்பைத் துளைக்க 8000-ஐ பிட்டின் விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். வரும் (நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டுவேகம்). 12 மி.மீ. பிட்டுக்கு 667, ஆகவே 576 படி, 8 மி.மீ. பிட்டுக்கு 1000, ஆகவே 1080 படி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 3200-ஐ வகுக்க வேண்டும்; 6 மி.மீ.க்கே 576 படிதான். அதில் பிட்டை உரசவிட்டு நிற்கக் கூடாது, உரசிய இடம் கெட்டியாகிப் பிறகு எந்த பிட்டும் ஏறாது.

வி பெல்ட் பக்கச் சுவர்களில்தான் பிடிக்க வேண்டும். புல்லி காடியின் அடி பளபளவென்று இருந்தால் பெல்ட் தேய்ந்து அடியில் உட்கார்ந்துவிட்டது. 300 மி.மீ. இடைவெளிக்கு நடுவில் விரலால் அழுத்தினால் 5 மி.மீ. இறங்கினால் சரி. நெடுநாள் ஒரே நிலையில் கிடந்த பெல்ட் வளைந்த வடிவிலேயே இறுகியிருக்கும். 20 நிமிடம் ஓடிய பிறகே அதிர்வைப் பற்றி முடிவுக்கு வர வேண்டும்.

ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) துவாரத்தின் உள்ளே டயல் கேஜ் 0.02 மி.மீ. ஆட்டம் காட்டியது. சக்கில் 10 மி.மீ. டவல் பின் (துல்லியமான உருளைக் கம்பி) பிடித்து 50 மி.மீ. கீழே பார்த்தால் 0.18. அப்படியானால் குற்றம் ஸ்பிண்டிலில் இல்லை, சக்கிலோ டேப்பரிலோதான் (சக் மாட்டும் கூம்பு முனை). கழற்றினால் டேப்பரில் சிறு பிசிர். எண்ணெய்க்கல்லால் அதை மட்டும் தேய்த்து, இரு பக்கமும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, சக்கின் தாடைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, மரக்கட்டை வைத்து ஒரே தட்டு. 0.06-க்கு வந்தது. மூன்று முறை கழற்றி, மூன்று வெவ்வேறு கோணத்தில் மாட்டிப் பார்த்ததில் இதுதான் குறைந்தது.

டேபிள் சதுரத்துக்கு மூலைமட்டம் தேவைப்படவில்லை. தடித்த கம்பியை எல் வடிவில் வளைத்துச் சக்கில் பிடித்து, நுனி 100 மி.மீ. தள்ளி டேபிளைத் தொடும்படி வைத்து, கையால் சுற்றி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்தால் இடமும் வலமும் உள்ள வித்தியாசம் தெரியும். 0.4 மி.மீ. இருந்தது. சாய்வு போல்ட்டைத் தளர்த்தி 0.05-க்குக் கொண்டுவந்தாயிற்று. முன்னும் பின்னும் சரிசெய்ய இந்த மெஷினில் வழியில்லை, அங்கே 0.15 நிற்கிறது.

அரை மணி நேரம் ஓடிய பிறகு மோட்டார் உடம்பு 58 டிகிரி. பி வகுப்பு இன்சுலேஷன் 130 டிகிரி வரை தாங்கும் என்பதால் கை பொறுக்காத இந்தச் சூடு இயல்பே. அடுத்து விளக்கு பாக்கி. இப்போதுள்ள மலிவான எல்.இ.டி. விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது. சில வேகங்களில் சக்கின் தாடைகள் நிற்பதுபோலவோ மெதுவாகப் பின்னோக்கிப் போவதுபோலவோ தோன்றுகிறது. 24 வோல்ட் டி.சி. விளக்கு மாட்டும் வரை மேல் இரண்டு வேகங்களிலும் வேலை நிறுத்தம்.