ஃபார்ட்டியில் காணாமல் போன யு

"அப்பா, ஃபோர்ல யு இருக்கு. ஃபோர்டீன்லயும் இருக்கு. ஃபார்ட்டியில மட்டும் யாரு எடுத்தா?"

நோட்டில் சிவப்பு வட்டம். இரண்டாம் வகுப்பு மகளின் முகம் சுண்டிப் போயிருந்தது.

சரியான கேள்விதான். போன மாதம் செக்கில் நாற்பதாயிரம் எழுதும்போது எனக்கும் அந்த யு பேனா முனை வரை வந்து நின்றது.

"லெவன், ட்வெல்வ் எதுக்கு? ஒன்டீன், டூடீன்னு வெச்சிருக்கலாம்ல?"

சரி என்று நானும் சேர்ந்து ஆங்கிலத்தைத் திட்ட ஆரம்பித்தேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை.

"எண்பத்தொன்பதுக்கு அப்புறம் என்னடி?"

"தொண்ணூறு, பாட்டி."

"அதுல நூறு எங்கேருந்து வந்துச்சு? தொள்ளாயிரத்துல ஆயிரம்?"

மகள் இப்போது தமிழ் நோட்டையும் சந்தேகமாகப் பார்க்கிறாள்.