அப்பா விற்ற எம்ஜிபி: தேடல் இப்போது நிற்கும் இடம்

கார் கிடைத்துவிட்டது. 1973-ல் அப்பா விற்ற எம்ஜிபி ரோட்ஸ்டர் (எம்ஜி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) இன்னும் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறம் மாறிவிட்டது, நம்பர் மாறிவிட்டது, இன்ஜின்கூட மாறிவிட்டது. ஆனாலும் இது அதே கார்தான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. வீட்டில் ஒரு காலத்தில் இருந்த காரைத் தேட நினைக்கும் யாருக்காவது உதவட்டும் என்று, நடந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

அப்பா இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1969-ல், செகண்ட் ஹேண்டாக வாங்கிய கார் அது. எம்ஜிபி 1962-ல் அறிமுகமாகி 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரானது. மேற்கூரை மூடிய ஜிடி வகையையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல். இத்தனை கார்களுக்கு நடுவில் ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மலைப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எண்ணிக்கையே ஒரு வகையில் கைகொடுத்தது. நிறையப் பேர் வைத்திருந்ததால்தான் உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன, கிளப்புகள் உயிரோடு இருக்கின்றன, தொழிற்சாலைப் பதிவேடுகளை யாரோ பத்திரமாகக் காத்து வைத்திருக்கிறார்கள். பத்தோ இருபதோ மட்டும் செய்த காராக இருந்திருந்தால் அப்பாவுடைய கார் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

என்னிடம் இருந்தது கருப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று. அதில் நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிந்தது. கடைசி எழுத்து 'சி', அதாவது 1965-ல் பதிவான வண்டி. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்ததில் கதவுக் கைப்பிடியும் பிடிபட்டது. இழுத்துத் திறக்கும் பழைய வகை. 1965-ன் நடுவிலேயே எம்ஜிபியில் பொத்தானை அழுத்தித் திறக்கும் கைப்பிடி வந்துவிட்டது. ஆக, இது அந்த வருடத்தின் முற்பகுதியிலோ அதற்குச் சற்று முன்போ தயாரான கார் என்பது உறுதியானது. பழைய படங்களைப் பார்க்கும்போது முகங்களோடு நின்றுவிடாமல் கைப்பிடி, விளக்கு, வீல் எல்லாவற்றையும் பாருங்கள். வண்டியின் வயதை அவை சொல்லிவிடும்.

எல்லோரும் செய்வதுபோல முதலில் நம்பரைத்தான் டிவிஎல்ஏ (பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம்) தளத்தில் போட்டுப் பார்த்தேன். பிரிட்டனில் எந்த வண்டியின் நம்பரையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டு அதன் தயாரிப்பு, நிறம், இன்ஜின் அளவு, வரி நிலை ஆகியவற்றைப் பார்க்கலாம். அப்பாவின் நம்பருக்கு வந்தது சமீபத்தில் தயாரான ஒரு ஹேட்ச்பேக். பிரிட்டனில் நம்பரைக் காரிலிருந்து பிரித்து விற்கலாம். பழைய நம்பர்களுக்குத் தனிக் கிராக்கி உண்டு. காரின் மேல் ஆசையில்லாதவர்கூட நம்பருக்காகவே பழைய காரை வாங்கி, நம்பரை எடுத்துக்கொண்டு காரைத் தள்ளிவிடுவார். அப்படிப் போன காருக்கு அதன் வயதுக்கேற்ற வேறொரு நம்பர் கொடுக்கப்படும். அதனால் நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் வேறொருவர் வண்டியில் போய்ச் சேரவும் வாய்ப்புண்டு.

நம்பர் எந்தக் காரிலும் இல்லை என்று வந்தாலும் கார் அழிந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய லாக்புக்கில் (வண்டிப் பதிவுப் புத்தகத்தில்) இருந்த வண்டிகளைக் கணினிப் பதிவுக்கு மாற்ற 1983 இறுதியில் கெடு முடிந்தது. அந்த ஆண்டுகளில் ஏதாவது ஷெட்டில் முடங்கிக் கிடந்த கார் அந்தப் பதிவில் ஏறியே இருக்காது. ஷெட்டில் கிடக்கும் கார்கள் இன்றைக்கும் வெளியே வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மாறாதது சேசிஸ் நம்பர். கார் யாரிடம் போனாலும், எந்த நம்பரை மாட்டினாலும் அது அதனோடேயே போகும். பிரச்சினை என்னவென்றால், விற்கும்போது லாக்புக்கையும் கொடுத்துவிடுவோம். நம் கையில் அந்த எண் எங்கே இருக்கும்? இன்ஷூரன்ஸ் காகிதம், ஒர்க்‌ஷாப் பில், சர்வீஸ் கூப்பன் புத்தகம், இந்த மூன்றையும் துழாவிப் பார்க்க வேண்டும். எனக்குக் கிடைத்தது சர்வீஸ் புத்தகம். அப்பா விற்கும்போது கொடுக்க விட்டுப்போய், சம்பளச் சீட்டுகளோடு சேர்ந்து ஒரு கவரில் கிடந்தது. முதல் பக்கத்தில் யாரோ ஒரு மெக்கானிக் மசிப் பேனாவால் எழுதியிருந்தார். ஜிஎச்என்3 என்று தொடங்கி, அதன்பின் எண்கள்.

அந்த முன்னெழுத்தும் தகவல்தான். ஜி என்றால் எம்ஜி. எச் என்பது இன்ஜின் அளவு 1400 சிசியிலிருந்து 1999 சிசிக்குள் என்பதைக் குறிக்கும் (எம்ஜிபிக்கு 1798). என் என்றால் இருவர் உட்காரும் திறந்த கார். 3 என்பது முதல் தலைமுறை. கூடவே 'எல்' இருந்தால் இடதுபக்க ஸ்டீயரிங். அப்பாவுடையதில் எல் இல்லை.

எண் கிடைத்ததும் டிவிஎல்ஏவிடம் கேட்டால் இப்போதைய உரிமையாளரின் பெயரைச் சொல்லிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வி888 என்ற படிவம் இருக்கிறது, உண்மை. ஆனால் அதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். விபத்து, தனியார் பார்க்கிங் தகராறு போன்றவை செல்லும். என் அப்பாவின் கார் என்ற பாசம் அந்தக் கணக்கில் வராது. அது சரியான விதி என்றே நினைக்கிறேன். நான் கார் வைத்திருந்தால், முன்பின் தெரியாதவர் கையில் என் முகவரி போவதை விரும்பமாட்டேன்.

அதனால் கிளப்புகளிடம் போனேன். எம்ஜி கார் கிளப் 1930-ல் தொடங்கியது. எம்ஜி ஓனர்ஸ் கிளப் 1973-ல் வந்தது. மாடல் வாரியாகச் சேசிஸ் நம்பர்களைக் குறித்துவைக்கும் ஆட்கள் இப்படிப்பட்ட கிளப்புகளில் இருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல், ஆர்வத்துக்காக இதைச் செய்பவர்கள். அப்படி ஒருவர் என் எண்ணை வாங்கிப் பார்த்துவிட்டு, இது எங்கள் பட்டியலில் இருக்கிறது, உரிமையாளரின் விவரம் தர முடியாது, கடிதம் எழுதிக் கொடுத்தால் அனுப்பிவைக்கிறேன் என்றார்.

அந்தக் கடிதத்துக்கு நான் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். முதல் வரியிலேயே, காரை விலைக்குக் கேட்க எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வரும் கடிதங்களில் பாதி 'விற்பீர்களா' என்பதுதான். அதைப் பார்த்ததும் பதில் போடத் தோன்றாது. அப்பா படத்தின் பிரதி, சர்வீஸ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களின் பிரதி, இரண்டையும் இணைத்தேன். நான் கேட்பதைவிடக் கொடுப்பது கூடுதலாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. தன் காரின் பழைய வரலாறு ஒரு கவரில் வீடு தேடி வந்தால் எந்தக் கார்க்காரருக்கும் சந்தோஷம் வரும்.

பதிலும் வந்தது, கூடவே படங்களும். கார் நல்ல சிவப்பு. பானெட்டைத் திறந்து, இடதுபக்க உள்சுவரில் இருந்த சேசிஸ் நம்பர் தகட்டைக் கிட்டத்தில் எடுத்த ஒரு படம். ஒவ்வொரு எண்ணாகச் சர்வீஸ் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன். அப்படியே பொருந்தியது.

இங்கே ஒரு விஷயம். அறுபதுகளின் எம்ஜிபியில் அந்தத் தகடு தனியாகச் செய்து பொருத்தியது. ஒரு காரிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். நல்ல பாடியில் வேறு காரின் தகட்டை மாட்டி ஓட்டியவர்கள் உண்டு. அதனால் தகடு பொருந்தினால் பாதி வேலைதான் முடிந்தது. மீதியை நேரில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

உரிமையாளர் ஏற்கெனவே கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்திலிருந்து ஹெரிட்டேஜ் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தார். தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுப்பது அது. கட்டிய தேதி, முதல் நிறம், இன்ஜின் நம்பர் எல்லாம் இருக்கும். நிறம் என்ற இடத்தில் ஐரிஸ் ப்ளூ என்று இருந்தது. நீலம்தான் என்று அப்பா எப்போதும் சொல்வார். இன்ஜின் நம்பர் 18ஜிபி என்று தொடங்கி, நடுவில் ஆர்யூ. ஆர்யூ என்றால் ஓவர்டிரைவ் (இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) உள்ள கார். அதையும் அப்பா சொல்லியிருந்தார். மூன்றாவது, நான்காவது கியரில் டேஷ்போர்டு ஓரத்து ஸ்விட்சைத் தட்டினால் இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கும் என்று சொல்லும்போது இன்றைக்கும் அவர் கை தானாக அந்த இடத்துக்குப் போகும்.

நேரில் போனபோது உரிமையாளர் எங்களுக்காகவே ஓட்டுநர் பக்கக் கதவின் உள் அட்டையைக் கழற்றி வைத்திருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தோம். சிவப்புப் பெயிண்ட் விளிம்போடு நின்றுவிடுகிறது. உள்ளே, கண்ணாடி ஏற்றி இறக்கும் பொறிக்குப் பின்னால், எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்து மங்கிய வெளிர் நீலம். துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் துடைத்தார். ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஐரிஸ் ப்ளூ வெளியே வந்தது.

அப்பா அதைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் அவர் மனது வேறு எங்கேயோ இருந்தது. "டேஷ்போர்டுக்குக் கீழே கை விட்டுப் பாரு. ஆம்பியர் மீட்டர் மாட்ட ஓட்டை போட்டேன், ரெண்டு" என்றார். அந்தக் காலத்து எம்ஜிபியில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். குளிர்கால இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓட, சிக்னலில் மெதுவாக இன்ஜின் ஓடிக்கொண்டு நின்றால், டைனமோ கொடுப்பதைவிட பேட்டரியிலிருந்து போவது அதிகமாக இருக்கும். அதைக் கண்ணால் பார்த்துக்கொள்ள அப்பா ஒரு மீட்டரை வாங்கி மாட்டியிருந்தார். நான் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டின் கீழ்மடிப்பில் விரலால் தடவிக்கொண்டே போனேன். ஸ்டீயரிங் தூணுக்கு இடதுபுறம், விரல் நுனி நுழையும் அளவில் ஓர் ஓட்டை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதை ரப்பர் வளையம் வைத்து அடைத்திருந்தார்கள். விளிம்பைச் சரியாக அரம் போட்டுத் தேய்க்கவில்லை, விரலில் பிசிறு பட்டது. எதற்காக இந்த ஓட்டைகள் என்று இத்தனை வருடமாகத் தெரியாமல் இருந்ததாக உரிமையாளர் சொன்னார்.

எனக்கு அந்தச் சான்று போதும். தகட்டை மாற்றலாம், பெயிண்ட்கூட இன்னொரு நீல நிறக் காருடையதாக இருக்கலாம். ஆனால் அப்பா மட்டுமே அறிந்த இடத்தில் அப்பா போட்ட ஓட்டை வேறு காரில் இருக்க வாய்ப்பில்லை. தேடுகிறவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்: காரைப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே அம்மா அப்பாவிடம் உட்கார்ந்து, எதைக் கழற்றினீர்கள், எதைச் சேர்த்தீர்கள், எங்கே இடித்தீர்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். பார்த்த பிறகு கேட்டால் நினைவும் பார்த்ததும் கலந்துவிடும்.

இன்ஜின் மட்டும் பொருந்தவில்லை. பிளாக்கின் பக்கத்தில் உள்ள தகட்டில் வேறு எண். தேய்ந்த இன்ஜினைக் கொடுத்துவிட்டுப் புதுப்பித்ததை வாங்கிப் பொருத்தும் வழக்கம் அன்று சாதாரணம், அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அப்பா மாற்றவில்லை, ஆகவே அவருக்குப் பின்னால் யாரோ. சிலர் இதைப் பெரிய குறையாகச் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. எம்ஜிபிக்கு அடியில் தனிச் சட்டகம் கிடையாது, பாடியே சட்டகமும். அதனால் பாடி எதுவோ அதுதான் கார். 1988-லிருந்து முழுப் புது பாடியே செய்து விற்கிறார்கள், அதற்குள் இந்தக் காரின் பாகங்களை மாற்றியிருந்தால்தான் எனக்கு நெருடியிருக்கும். இங்கே கதவுக்குக் கீழே உள்ள சில் தகடுகள் புதியவை, வெல்டிங் தழும்பு தெரிகிறது. எம்ஜிபியில் துரு முதலில் தின்பதே அந்த இடத்தைத்தான். மற்றபடி பாடி ஆபிங்டனிலிருந்து வந்ததுதான்.

பிறகு உரிமையாளர் அப்பாவை ஓட்டச் சொன்னார். அப்பா சாவியைத் திருப்பியதும் பின்பக்கம் எஸ்யூ பெட்ரோல் பம்ப் டக் டக் என்று அடித்து, கார்பரேட்டர் நிறைந்ததும் ஓய்ந்தது. அது ஓயும் வரை காத்திருந்துதான் ஸ்டார்ட் செய்தார். முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் பற்களின் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு) இல்லாத கியர்பாக்ஸ். வண்டி முழுதாக நின்ற பிறகே முதல் கியருக்குப் போக வேண்டும் என்று போகும் வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இனி மிச்சமிருப்பது இடைவெளி. 1973-ல் அப்பாவிடம் வாங்கியவருக்கும், எண்பதுகளில் இந்தக் காரை வைத்திருந்தவருக்கும் நடுவில் யாரென்று தெரியவில்லை. நம்பர் எப்போது பிரிக்கப்பட்டது, இன்ஜின் எப்போது மாறியது, சிவப்பு எப்போது வந்தது, மூன்றும் அந்த ஆண்டுகளுக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 1974-ல் பதிவுகள் டிவிஎல்ஏ இருக்கும் ஸ்வான்சிக்குப் போவதற்கு முன் உள்ளூர் கவுன்சில்கள்தான் வண்டிப் பதிவேட்டை வைத்திருந்தன. அவற்றில் பல அழிந்துவிட்டன, சில கவுன்ட்டி ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. அப்பா வாங்கிய இடத்துக் காப்பகத்துக்கு எழுதியிருக்கிறேன். சர்வீஸ் புத்தகத்தின் அசலை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டேன், அது காரோடு இருக்க வேண்டியது. அவர் ஓர் ஆம்பியர் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்கிறார். எந்த வகை என்று அப்பா படம் வரைந்து அனுப்பியிருக்கிறார்.