கைப்பிடி ரப்பர் மாற்றும் படலம்

2024 மே 5, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் நேற்று தொடங்கியது. வெயிலில் நின்ற ஸ்பிளெண்டரை எடுத்து ஓட்டிவிட்டு இறங்கினால் உள்ளங்கை முழுவதும் கரி. வெள்ளைச் சட்டையில் கை பட்ட இடமெல்லாம் கறுப்பு முத்திரை. கைப்பிடி ரப்பருக்கு வயதாகிவிட்டது. வெயிலும் வியர்வையும் கையின் எண்ணெய்ப் பசையும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து அதன் மேல்பரப்பைப் பிசுபிசுப்பாக்கிவிட்டன.

இதில் வாட்டர் சர்வீஸ்காரர்களுக்கும் பங்கு உண்டு. கழுவி முடித்ததும் பளபளப்புக்காக சிலிக்கோன் பாலிஷை டேங்க், சீட், டயர் என்று பாகுபாடில்லாமல் அடிப்பார்கள். கைப்பிடியையும் விடுவதில்லை. பிடிப்பதற்கென்றே இருக்கும் ஒன்றை வழுக்கும்படி மெருகேற்றுவதில் என்ன சாமர்த்தியமோ!

பிசுபிசுப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கிளட்ச் பக்கத்து ரப்பர் பசை விட்டுப்போய்க் குழாயைச் சுற்றிச் சுழலத் தொடங்கியிருக்கிறது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது நாம் பிடித்திருப்பது ஹேண்டில்பாரையா, வெறும் ரப்பரையா என்ற சந்தேகம் வரக் கூடாது. மாற்றியே ஆக வேண்டும்.

மே 8, புதன்

தெருமுனை மெக்கானிக்கிடம் கேட்டேன். "ஐந்து நிமிட வேலை சார், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள்" என்றார். எப்படி ஏற்றுவீர்கள் என்றேன். இரண்டு சொட்டு ஆயில் விட்டால் வழுக்கிக்கொண்டு ஏறிவிடுமாம். ஏறும்தான். ஆனால் ஆயில் காய்வதில்லையே, ஏறிய பிறகும் அது வழுக்கிக்கொண்டுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நானே செய்துகொள்ள முடிவு செய்தேன்.

கீழ்வீட்டு மாமா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடிப்படியில் நின்றபடியே விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "தம்பி, பார்த்தால் ஒரு வேலை மாதிரி இருக்கும். இரண்டும் வேறு வேறு வேலை. இடது பக்கம் அசையவே கூடாது. வலது பக்கத்தை எதுவும் தடுக்கவே கூடாது." அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் பால் வாங்கப் போய்விட்டார்.

மே 11, சனி

சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. கைப்பிடி என்று வாயெடுத்ததுமே கடைக்காரர் எந்த வண்டி என்று கேட்டுவிடுகிறார். சிவப்பு, நீலம், ஜெல், ஸ்பாஞ்ச் என்று மேசையில் அடுக்கினார். ஸ்பாஞ்ச் கையில் சுகமாகத்தான் இருந்தது. மழையில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்பதால் வேண்டாம் என்றேன். ஜெல் வைத்தது மிகவும் தடிமன். தடிமன் கூடினால் விரல்கள் கிளட்ச், பிரேக் லீவர்களை எட்டிப் பிடிக்கும் தூரமும் கூடும். போக்குவரத்து நெரிசலில் நாள் முழுதும் கிளட்சை அமுக்கும் கைக்கு அது தண்டனை. கம்பெனி ரப்பரைப் போலவே மெல்லிய, கோடு கோடான சாதாரண ஜோடியை எடுத்தேன்.

ஜோடி என்றாலும் இரண்டும் ஒரே அளவல்ல. ஹேண்டில்பார் குழாய் 22 மி.மீ.; இடது ரப்பர் நேரடியாக அதன்மேல் ஏறுகிறது. வலது பக்கத்தில் குழாய்மேல் ஆக்சிலேட்டரின் பிளாஸ்டிக் குழல் இருப்பதால் அந்த ரப்பரின் துளை ஏறக்குறைய 25 மி.மீ. இடம் மாறினால் ஒன்று ஏறாது, இன்னொன்று நிற்காது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளின் ரிச்சி தெரு. செல்போன் பழுது பார்ப்பவர்கள் போர்டு துடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டிலும், வரும் வழியில் ரப்பர் ஒட்டும் பசையும் வாங்கினேன்.

மே 12, ஞாயிறு

வெயில் ஏறுவதற்குள் முடிக்க எண்ணிக் காலை ஆறரைக்கே தொடங்கினேன். மாமா நாற்காலியோடு வந்துவிட்டார்.

இடது பக்கம் பிளேடால் நீளவாக்கில் ஒரே கீறல், தோலைப் போல உரிந்து வந்தது. அடியில் இரும்புக் குழாய் என்பதால் பயமில்லை. வலது பக்கத்தில் பிளேடு ஆழமாக இறங்கினால் பிளாஸ்டிக் குழல் வெட்டுப்படும். அதனால் ரப்பரின் பாதி ஆழம்வரை மட்டும் கீறிவிட்டு, மழுக்கிய சைக்கிள் கம்பியை அடியில் நுழைத்து, ஆல்கஹால் சொட்டுச் சொட்டாக விட்டுத் திருகித் திருகி எடுத்தேன். பொறுமை வேண்டிய இடம் இதுதான்.

இடது குழாயில் பழைய பசையும், அதற்கடியில் துருவும். வியர்வையும் மழைநீரும் உள்ளே போய் வேலை பார்த்திருக்கின்றன. 400 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆல்கஹாலில் நனைத்த துணியால் துணி வெளுப்பாக வரும்வரை துடைத்தேன். மண்ணெண்ணெய் வேண்டாம் என்றார் மாமா. அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும், பசை பிடிக்காது.

பசையை ரப்பரின் உட்புறத்திலும் குழாயிலும் மெல்லியதாகத் தடவி, மூன்று நான்கு நிமிடம் காயவிட்டு, திருகியபடி ஒரே மூச்சில் ஏற்ற வேண்டும். பாதியில் நிறுத்தினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். முனை மூடிய ரப்பர் என்பதால் உள்ளே சிக்கிய காற்று அதை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. விளிம்பைக் கம்பியால் சற்றுத் தூக்கினேன். புஸ்ஸென்று காற்று போனதும் ரப்பர் அடங்கிவிட்டது.

வலது பக்கத்தில் ரப்பரைக் கடைசிவரை தள்ளிவிடக் கூடாது. அதன் மூடிய முனை ஹேண்டில்பாரின் நுனியில் உரசினால் ஆக்சிலேட்டர் திரும்பி வராமல் நின்றுவிடும். ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி போதும். உள்பக்க விளிம்பு சுவிட்ச் பெட்டியில் இடிக்காதபடி மாமா ஒரு விசிட்டிங் கார்டை மடித்து நடுவில் செருகிப் பார்த்தார். பிறகு ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கிவிட்டுச் சட்டென்று விடச் சொன்னார். 'டப்'பென்று திரும்பியது. ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி மறுபடியும் அதே சோதனை. கேபிள் இழுபடும் இடத்தில்தான் கோளாறு ஒளிந்திருக்குமாம். திருப்பும்போது எஞ்சின் சத்தம் தானாக ஏறுகிறதா என்று கடைசியாக ஸ்டார்ட் செய்தும் பார்த்தோம். ஏறவில்லை. ஆக்சிலேட்டர் பிடிக்கத் தொடங்கும் முன் 2 முதல் 6 மி.மீ. வரை சும்மா சுழல வேண்டும். அதுவும் சரியாக இருந்தது.

ஒரு மணி நேரம் காய்ந்தால் போதும் என்பார்கள். மாமா சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்."

மே 13, திங்கள்

புரசைவாக்கம் வழியாக அலுவலகம். உள்ளங்கை சுத்தம். லீவரின் கோணம்கூட மாறிவிட்டதாகத் தோன்றியது. மாறவில்லை, புதிய ரப்பரில் கை வழுக்காமல் ஒரே இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான்.

மே 19, ஞாயிறு

கையை நனைத்துக்கொண்டு இடது ரப்பரைப் பலம்கொண்ட மட்டும் முறுக்கிப் பார்த்தேன். அசையவில்லை.

அலுவலக நண்பர் தன் பல்சருக்கும் மாற்றித்தரக் கேட்கிறார். அதில் ஹேண்டில் நுனிகளில் அதிர்வைத் தணிக்கும் எடைக்கட்டிகள் உண்டு. அவற்றைக் கழற்றினால்தான் ரப்பர் வரும். பல ஆண்டு மழை பார்த்த ஸ்க்ரூ, சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கு அசையாது. சுத்தியலால் தட்டிக் கழற்றும் இம்பாக்ட் டிரைவர் மாமாவிடம் இருக்கிறது. இரவல் தரமாட்டார். வேண்டுமானால் நாற்காலியோடு அவரும் வருவார்.